நாக்கு எடையா, முன்பாரமா?

எல்லோருக்கும் வணக்கம்.

பிக்கப்பில் பெட்டி (ட்ரெயிலர்) கொழுவி இழுப்பது பற்றிய நம் சொற்பட்டியலில் "நாக்கு எடை" என்று ஒன்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டு "முன்பாரம்" என்று வைக்கும்படி கேட்கிறேன். பெட்டியின் முன்தண்டு, வண்டியின் பின்னால் அதை மாட்டும் கொழுவிமேல் எவ்வளவு பாரத்தை இறக்குகிறது என்பதுதான் பொருள். அந்தத் தண்டை ஆங்கிலத்தில் நாக்கு என்கிறார்கள். நமக்கு அது ஏர்க்கால். தம்பலகாமத்து வயல்காரர் ஒருவரிடம் போய் "நாக்கு எடை சரியா?" என்று கேட்டால் அவர் என்ன நினைப்பார்?

மாட்டுவண்டி ஓட்டிய என் அம்மப்பா முன்பாரம், பின்பாரம் என்றுதான் சொல்லுவார். முன்பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தில் அழுத்தும். பின்பாரமாகிவிட்டால் நுகம் மேலே கிளம்பி, பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். நெல்மூட்டை ஏற்றும்போதே ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்து மூட்டையை முன்னே பின்னே தள்ளச் சொல்லுவார். இன்று நாம் சொல் தேடுகிற விஷயம் முழுவதும் அந்தக் கைக்குள் இருந்தது.

இதில் நான் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பெரும்போகத்தில் 50 கிலோ யூரியா மூட்டை 20 ஏற்றிக்கொண்டு கந்தளாயிலிருந்து வந்தோம். முதலில் இறக்க வேண்டியவை பின்னால் இருக்கட்டும் என்று பாதிக்கு மேல் கடைசியில் அடுக்கியிருந்தோம். வேகம் கூடியதும் பெட்டி இடமும் வலமும் அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு அடியும் முந்தியதைவிடப் பெரிதாக வந்தது. அத்தான் பிறேக்கை மிதிக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேரே பிடித்துக்கொண்டார். வேகம் தானாக இறங்கப் பெட்டியும் அடங்கியது. பிறேக்கை மிதித்திருந்தால் பின்னாலிருந்த ஒரு தொன் பிக்கப்பைத் தள்ளி மடக்கியிருக்கும். அன்று "பின்பாரமாக இருக்கு, மாற்றி அடுக்கு" என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இந்த ஆட்டத்துக்கு "ஊசலாட்டம்" என்று பட்டியலில் இருப்பதும் பொருந்தவில்லை. ஊசல் விட்டால் தானாகத் தணியும். இது ஒரு வேகத்தைத் தாண்டினால் வளர்ந்துகொண்டே போகும். "வாலடிப்பு" என்று வைக்கலாமா?

—

தம்பி, வாலடிப்புக்கு என் சம்மதம். முன்பாரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. கொழுவியில் பாரம் அளவுக்கு மிஞ்சினால் பிக்கப்பின் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரம் இலேசாகும், ஸ்டியரிங் பிடிக்காது. அதை எழுதும்போது "முன்பாரம் கூடினால் முன்பக்கம் இலேசாகும்" என்று வரும். படிப்பவர் குழம்பிப்போவார். அடுத்தது, முன்பாரம் ஒரு நிலையைச் சொல்கிறது; நமக்கு வேண்டியது கிலோவில் அளக்கக்கூடிய ஒன்று. நானும் வயல்காரர் வீட்டுப் பிள்ளைதான், சொல்லில் குறை காணவில்லை.

—

அக்கா சொல்வது சரி. அந்த வாக்கியத்தை நானும் எழுதிப் பார்த்தேன், நிற்கவில்லை.

அப்படியானால் இரண்டையும் பிரிப்போம். அளவுக்குக் "கொழுவுபாரம்". பெட்டி கொழுவுவது என்று கிண்ணியாவிலும் மூதூரிலும் தினமும் சொல்கிறோம், புதிதாக யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பாரம் அடுக்கிய நிலைக்கு முன்பாரம், பின்பாரம். அவற்றைப் பெட்டிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பிக்கப்பைப் பற்றிப் பேசும்போது முன்னச்சு, பின்னச்சு என்றே எழுதுவோம்.

இனி எழுதிப் பார்க்கிறேன்: "உருண்டைத் தலையுள்ள பந்துக் கொழுவியில் மாட்டும் பெட்டிக்கு, பாரத்தோடு சேர்ந்த மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை கொழுவுபாரமாக இருக்க வேண்டும் என்பது வட அமெரிக்க வழக்கம். 300 கிலோப் பெட்டியில் 1,000 கிலோ ஏற்றினால் 130 முதல் 195 கிலோ. பிக்கப்பும் கொழுவியும் தாங்கும் அளவு அதற்குக் குறைவாக இருந்தால் பாரத்தைக் குறைக்க வேண்டும். குறைந்த கொழுவுபாரம் வாலடிப்பைக் கொண்டுவரும்." ஐரோப்பாவில் இந்த வீதம் குறைவு என்பதையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும்.

மூட்டையை நகர்த்துவதற்கும் கணக்குச் சொல்லலாம். ஒற்றை அச்சுப் பெட்டியில் கொழுவிக்கும் அச்சுக்கும் இடையே 3 மீற்றர் என்றால், நான்கு மூட்டையை, அதாவது 200 கிலோவை, ஒன்றரை மீற்றர் முன்னே தள்ளினால் கொழுவுபாரம் 100 கிலோ கூடும். அன்று கந்தளாயில் நாங்கள் செய்திருக்க வேண்டியது அவ்வளவுதான்.

ஏர்க்கால் என்ற சொல்லையும் விடவேண்டாம், அக்கா. அளக்கும் முறையை இப்படி எழுதியிருக்கிறேன்: "சமதரையில் பெட்டியின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கொழுவியின் உயரத்துக்கே ஏர்க்கால் நுனியைத் தராசின் மேல் இறக்கு. தராசு தாங்கும் எடையை முதலில் பார்த்துக்கொள்."