தி போஸ்டல் சர்வீஸ்: ஏன் ஒரே ஆல்பத்தோடு நின்றுவிட்டார்கள்?

வெயில்நேரம்:
வணக்கம். தி போஸ்டல் சர்வீஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் ‘கிவ் அப்’ ஆல்பத்தை இப்போதுதான் கேட்கத் தொடங்கினேன். விட முடியவில்லை. இது இரண்டு பேர் ஓய்வு நேரத்தில் செய்த சைடு ப்ராஜெக்ட், மொத்தமே இந்த ஒரு ஆல்பம்தான் என்று படித்தேன். இவ்வளவு நன்றாக வந்ததை யாராவது விட்டுவிடுவார்களா? அமெரிக்கத் தபால் துறை பெயருக்காகச் சண்டை போட்டதால்தான் நின்றுபோனதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையகேசட்:
தபால் துறை நோட்டீஸ் அனுப்பியது உண்மைதான். 2003 ஆகஸ்டில், இந்தப் பெயர் எங்கள் வணிக முத்திரை, பயன்படுத்தக் கூடாது என்று சொன்னார்கள். ஆனால் 2004-இல் சமாதானமாகிவிட்டது. பெயரை இலவசமாக வைத்துக்கொள்ளலாம், பதிலுக்குத் தபால் சேவைக்கு விளம்பரம் கிடைக்கும்படி ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். வாஷிங்டனில் தபால் துறை உயர் அதிகாரிகளின் மாநாட்டில் குழுவினர் பாடினார்கள். துறையே தன் இணையதளத்தில் அந்த சிடியை விற்றது. அதனால் நின்றதற்குக் காரணம் இது இல்லை.

மாடிவீட்டு_ரேடியோ:
தம்பி, இது எனக்கு ரொம்பப் பிடித்த ஆல்பம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

லாஸ் ஏஞ்சலிஸில் ஜிம்மி டாம்போரெல்லோ என்பவர் ‘டின்டெல்’ என்ற பெயரில் எலக்ட்ரானிக் இசை செய்துகொண்டிருந்தார். 2001-இல் வந்த அவருடைய ஆல்பத்தில் ஒரு பாட்டை டெத் கேப் ஃபார் க்யூட்டி குழுவின் பென் கிப்பர்ட் பாடினார். அது நன்றாக அமைந்ததும், இன்னும் சில பாட்டு செய்து பார்ப்போம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். கிப்பர்ட் இருந்தது சியாட்டில். அதனால் டாம்போரெல்லோ இசையைப் பதிவு செய்து தபாலில் போடுவார். கிப்பர்ட் அதைத் தன் விருப்பப்படி வெட்டி ஒட்டி, மெட்டும் வரிகளும் சேர்த்து, பாடித் திருப்பி அனுப்புவார். குழுவின் பெயர் அங்கிருந்துதான் வந்தது.

என் கணிப்பில் இந்த ஆல்பத்தின் உயிரே இந்த முறையில்தான் இருக்கிறது. எதிரில் ஆள் உட்கார்ந்திருந்தால், “இந்த இடம் வேண்டாமே” என்று பேசிப் பேசியே பாட்டு மழுங்கிவிடும். இங்கே ஒருவர் தன் பங்கைத் தனியாக, முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் கொடுக்கிறார். முதல் பாட்டை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். நிதானமாகத் தொடங்கி, கடைசிப் பகுதியில் தாளம் அடர்ந்து துள்ள ஆரம்பிக்கும். குரல் மட்டும் பதறவே பதறாது. ஒரே அறையில் இருந்து செய்திருந்தால் குரலும் சேர்ந்து ஓடியிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

ரைலோ கைலி குழுவின் ஜென்னி லூயிஸ் பல பாட்டுகளில் கூடப் பாடினார். ‘நத்திங் பெட்டர்’ என்ற ஜோடிப் பாட்டில் வரும் பெண் குரல் மட்டும் ஜென் வுட். பலர் இதையும் ஜென்னி என்றே நினைக்கிறார்கள். பிரிந்து போகிறவள் அவ்வளவு தெளிவாகத் தன் பக்கத்தைச் சொல்வது எனக்கு இன்றைக்கும் புதிதாகவே இருக்கிறது.

2003 பிப்ரவரியில் சப் பாப் நிறுவனம் வெளியிட்டது. வந்த வேகத்தில் பெரிதாக ஓடவில்லை, அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 114-ஆம் இடம்தான். ஆள் மாற்றி ஆள் சொல்லித்தான் பரவியது. 2012-இல் பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்றிதழ் கிடைத்தது. சப் பாப் வரலாற்றில் நிர்வானாவின் முதல் ஆல்பத்துக்கு அடுத்து அதிகம் விற்றது இதுதான்.

சரி, ஏன் தொடரவில்லை? அதே 2003 அக்டோபரில் டெத் கேப் குழுவின் ‘டிரான்ஸ்அட்லான்டிசிசம்’ ஆல்பம் வந்தது. அடுத்த ஆண்டே பெரிய நிறுவனமான அட்லான்டிக் அவர்களை எடுத்துக்கொண்டது. கிப்பர்ட்டுக்கு அதுதான் வீடு. டாம்போரெல்லோவும் டின்டெல் வேலைக்குத் திரும்பிவிட்டார். சண்டை எதுவும் இல்லை, நேரம்தான் இல்லை. ஓய்வில் பிறந்ததை உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்திருந்தால் இந்த லேசு வந்திருக்காது. அவர்கள் விட்டது சரி என்பதுதான் என் கட்சி.

வெயில்நேரம்:
ரொம்ப நன்றி அண்ணா. அப்போ இரண்டு பேரும் அதற்கப்புறம் சேரவே இல்லையா?

பழையகேசட்:
சேர்ந்தார்கள். 2013-இல் பத்தாம் ஆண்டுக்காக ஆல்பத்தை இரண்டு புதிய பாட்டுகளோடு மறுபடி வெளியிட்டு, ஜென்னியோடு ஊர் ஊராக வாசித்தார்கள். அந்த ஆகஸ்டில் சிகாகோவில் முடித்துக்கொண்டார்கள்.

மாடிவீட்டு_ரேடியோ:
அப்புறம் 2023-இல் ஒரு சுற்று. ‘கிவ் அப்’, ‘டிரான்ஸ்அட்லான்டிசிசம்’ இரண்டுக்கும் இருபது வயது என்று ஒரே மேடையில் இரண்டு ஆல்பங்களையும் முழுதாக வாசித்தார்கள். கிப்பர்ட் ஒரே இரவில் இரண்டு குழுவிலும் பாடினார். நீங்கள் அடுத்து அந்த 2001 டின்டெல் ஆல்பத்தைக் கேளுங்கள் தம்பி. கிப்பர்ட் பாடும் அந்த ஒரு பாட்டிலேயே ‘கிவ் அப்’ பாதி தயாராக இருப்பது தெரியும்.