மறு: பவர்ப்ளேக்குத் தமிழ்ச் சொல் – ‘ஆள்குறை’ என்று வைக்கலாம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஐஸ் ஹாக்கியில் ஒரு அணியின் ஆள் தண்டம் வாங்கி வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்தை ஆங்கிலத்தில் பவர்ப்ளே என்கிறார்கள், நம் சொல் பட்டியலுக்கு அதைத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் இந்த இழையின் கேள்வி. நான்கு நாளாக எல்லார் மடல்களையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். காலையில் அஸ்தம்பட்டியில் பஸ் ஏறி ஏற்காட்டில் பள்ளிக்கூட வாசலில் இறங்கும் வரை, 20 கொண்டை ஊசி வளைவுக்கும் இதே யோசனைதான். இன்று உட்கார்ந்து எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பவர்ப்ளேக்கு ‘வல்லாட்டம்’ போதுமே. சுருக்கமாக இருக்கிறது, எங்கள் கோவில்பட்டிப் பையன்களும் எளிதாகச் சொல்வார்கள்.

ஐயா, ஹாக்கி பற்றிக் கோவில்பட்டிக்காரர் பேசினால் சேலத்துக்காரன் கேட்டுக்கொள்வதுதான் முறை. ஆனாலும் இந்தச் சொல்லில் மட்டும் என்னால் உடன்பட முடியவில்லை. வல்லாட்டம் என்றதும் என் காதில் வல்லடி, வம்படி என்றுதான் விழுகிறது. ஐஸ் ஹாக்கியோ உண்மையிலேயே கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வீரர்கள் குத்திக்கொள்ளும் ஆட்டம். புதிதாகப் படிக்கிறவர் வல்லாட்டத்தை அந்தச் சண்டை என்றே எடுத்துக்கொள்வார்.

ஓசூர்த் தம்பி சொன்ன ‘மிகையாட்டம்’ எனக்கு முதலில் பிடித்திருந்தது. ஆனால் மிகைநேரம் என்று ஓவர்டைமுக்கு நம் பட்டியலில் ஏற்கெனவே ஒரு சொல் ஏறிவிட்டது. ஒரே பத்தியில் மிகைநேரமும் மிகையாட்டமும் வந்தால் படிப்பவர் திணறுவார். அதோடு அடிப்படையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது தம்பி, இங்கே யாருக்கும் எதுவும் மிகையாகக் கிடைப்பதில்லை. தெருவில் விளையாடும்போது ஒப்புக்குச் சப்பாணி என்று ஒரு குழந்தையைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வோமே, அப்படி ஒரு ஆள் யார் பக்கமும் சேர்வதில்லை. தாக்கும் அணியில் எப்போதும் இருக்கும் அதே ஐந்து பேர்தான், கோல்காப்பாளரோடு ஆறு. மாறுவது மறுபக்கம். தப்பு செய்தவர் 2 நிமிடம் தண்டப் பெட்டியில் போய் உட்கார வேண்டும், அவருக்குப் பதில் ஆள் இறக்கக் கூடாது. ஐந்துக்கு நாலு. நடப்பது இவ்வளவுதான். ஆங்கிலப் பெயர் இதைச் சொல்வதே இல்லை, லாபம் அடைகிறவனின் பலத்தை மட்டும் சொல்கிறது. நாமும் ஏன் அதையே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்?

‘பவர்ப்ளே என்றே எழுதிவிடலாம்’ என்றும் இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். நான் கடன்சொல்லுக்கு எதிரி இல்லை. ஐஸ் ஹாக்கியை ஐஸ் ஹாக்கி என்றே எழுத வேண்டும் என்று போன மாதம் வாதாடியவனே நான்தான், ஏனென்றால் ஏற்காட்டில் பனி என்றால் காலையில் ஏரி மேல் இறங்கும் மூட்டம், ‘பனி ஹாக்கி’ என்றால் இங்கே மூட்டத்துக்குள் விளையாடுவதாகத்தான் அர்த்தம் ஆகும். ஆனால் பவர்ப்ளே வேறு கதை. அந்தச் சொல்லைக் கிரிக்கெட் எடுத்துக்கொண்டுவிட்டது. இருபது ஓவர் ஆட்டத்தில் முதல் 6 ஓவர், வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர்தான் நிற்கலாம், அதுதான் பவர்ப்ளே என்று சின்னப்பம்பட்டியில் ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும், பந்துவீச்சாளர் நடராஜன் ஊராயிற்றே. அங்கே யாரும் வெளியே போவதில்லை, பதினொரு பேரும் மைதானத்திலேயே இருக்கிறார்கள். ஹாக்கியில் ஆள் வெளியே போகிறார். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நான் எழுதிவரும் கட்டுரையை எழுதவே முடியவில்லை, அதனால்தான் இந்த இழையையே தொடங்கினேன்.

கட்டுரை எதைப் பற்றி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வட அமெரிக்காவின் என்.எச்.எல். என்ற ஐஸ் ஹாக்கி லீகில் விதி மாறும்போதெல்லாம் கோல் எண்ணிக்கை எப்படி மாறியது என்பது பற்றி. கணக்கு வாத்தியாருக்கு இது நல்ல விருந்து. 1928-29 பருவத்தில் மான்ட்ரியல் கனடியன்ஸ் கோல்காப்பாளர் ஜார்ஜ் ஹெய்ன்ஸ்வொர்த் 44 ஆட்டங்களில் 22 ஆட்டங்களை ஒரு கோலும் விடாமல் முடித்தார். இரு அணியும் சேர்ந்து ஆட்டத்துக்குச் சராசரி 3 கோல்கூட விழாத காலம். அடுத்த பருவத்தில் களத்தின் எல்லாப் பகுதியிலும் சில்லை (பந்துக்குப் பதிலாக அடிக்கும் தட்டையான வட்டு) முன்னோக்கித் தள்ளிக் கொடுக்கலாம் என்று விட்டார்கள், பருவத்தின் தொடக்கத்தில் சராசரி 7ஐ நெருங்கியது. எதிரணி கோல் பக்கத்திலேயே முன்கூட்டிப் போய் நின்றுகொள்வது பெருகிவிட்டதால் 1929 டிசம்பரிலேயே, பருவத்தின் நடுவில், சில்லுக்கு முன்னால் ஆள் எதிரணிப் பகுதியின் எல்லைக்கோட்டைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்போட வேண்டியதாயிற்று. (பக்குக்குச் சில்லு என்று முடிவு செய்தது எனக்கு இன்னும் சந்தோஷம். பாண்டி ஆடும் பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டாம்.)

சரி, ஆள்குறைக்கு வருகிறேன். 1955 நவம்பர் 5, மான்ட்ரியலில் பாஸ்டன் புரூயின்ஸுடன் ஆட்டம். பாஸ்டன் ஆள் வெளியே உட்கார்ந்திருந்த ஒரே இடைவெளியில் கனடியன்ஸ் வீரர் ழான் பெலிவோ 44 விநாடிகளில் மூன்று கோல் அடித்தார். அன்றைய விதிப்படி எத்தனை கோல் விழுந்தாலும் 2 நிமிடம் முழுதாகத் தீர்ந்த பிறகுதான் வெளியே போனவர் உள்ளே வரலாம். கனடியன்ஸ் அணியின் தாக்குதல் அந்த 2 நிமிடத்தைச் சூறையாடிக்கொண்டிருந்தது. அடுத்த பருவம், 1956-57இல் விதியையே மாற்றினார்கள், 2 நிமிடச் சிறு தண்டத்தின்போது எதிரணி ஒரு கோல் அடித்துவிட்டால் போதும், வெளியே இருப்பவர் உடனே உள்ளே வந்துவிடலாம். 5 நிமிடப் பெருந்தண்டத்துக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை, அது இன்றைக்கும் அப்படியே.

இந்த விதி மாற்றத்தை ‘வல்லாட்டம்’ வைத்து எழுதிப் பாருங்கள். ‘கோல் விழுந்ததும் வல்லாட்டம் முடிகிறது.’ ஏன் முடிகிறது? மூன்று வரி விளக்கம் வேண்டும். ‘ஆள்குறை’ வைத்து எழுதுங்கள். ‘கோல் விழுந்ததும் ஆள்குறை தீர்கிறது.’ சொல்லுக்குள்ளேயே விதி இருக்கிறது.

இந்தச் சொல் என் மண்டையில் உதித்ததும் இல்லை. போன சனிக்கிழமை மதியம் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்கு இந்த விதியை விளக்கப் பார்த்தேன். ஐஸுக்கு எங்கே போவது, உடைந்த ஓட்டுச் சில்லும் சவுக்குக் குச்சியும்தான். ஐந்து ஐந்து பேராகப் பிரித்துவிட்டு, தள்ளிவிட்ட ஒரு பையனை வேப்பமரத்தடியில் உட்காரச் சொன்னேன். உடனே அந்தப் பக்கத்துப் பெண் பிள்ளை கத்தினாள், ‘சார், எங்களுக்கு ஆள் கொறையுது, அவன உள்ள வுடுங்க!’ அவ்வளவுதான், நான் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். அப்புறம் கோல் விழுந்தது, அவனை உள்ளே விட்டேன், ‘எங்களுக்குக் கோல் போட்டாத்தான் எங்க ஆளு வருவானா?’ என்று அவளுக்கு ஆச்சரியம். கபடி ஆடிப் பழகிய பிள்ளை அது. கபடியில் நாம் எதிரியை அடித்தால்தான் வெளியே உட்கார்ந்திருக்கும் நம் ஆள் உள்ளே வருவான். இங்கே எதிரி நம்மை அடித்தால் நம் ஆள் உள்ளே வருகிறான். தலைகீழ். 1956 மாற்றத்தை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை, கட்டுரையில் அவள் கேள்வியையே வைக்கப் போகிறேன்.

இனி டொராண்டோ அக்காவின் மறுப்பு. இந்த இழையிலேயே கனமான கேள்வி அதுதான்.

> பவர்ப்ளே எண்டால் அடிக்கிற பக்கத்தின்ர சந்தோசம். ஆள்குறை எண்டால் ஆள் இல்லாத பக்கத்தின்ர கவலை. ரெண்டும் ஒண்டோ?

ஒன்றில்லை அக்கா, நீங்கள் சொல்வது சரி. போன மடலில் நான் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தது தவறு. ஆள்குறை என்பது நிலைமைக்குப் பெயர், இரண்டு பக்கமும் அதே நிலைமையில்தான் ஆடுகிறார்கள். ஆடும் விதம்தான் வேறு. ஆள் முழுதாக இருக்கும் அணி ஆடுவது ஆள்குறைத் தாக்கு. ஆள் இல்லாத அணி ஆடுவது ஆள்குறைக் காப்பு. பவர்ப்ளே கோல் என்பது ஆள்குறைத் தாக்கில் விழுந்த கோல், நாலு பேராக நின்றுகொண்டே ஓடிப்போய் அடிக்கும் அபூர்வமான கோல் ஆள்குறைக் காப்பில் அடித்த கோல். ஐந்துக்கு மூன்று ஆகிவிட்டால் இரட்டை ஆள்குறை. ஒரு வேரைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் வந்துவிடுகிறது.

இரண்டு அணியிலும் ஒரே நேரத்தில் ஆளுக்கொருவர் தண்டம் வாங்கி நாலுக்கு நாலு ஆவதைச் சம ஆள்குறை என்று சொல்லலாம். இதுவும் கோல் கணக்கைத் தொட்ட விஷயம்தான். 1980களில் நட்சத்திர வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி இருந்த எட்மன்டன் ஆயிலர்ஸுக்கு அந்தத் திறந்த வெளி கொண்டாட்டமாக இருந்தது. 1985இல் இப்படி நேர்ந்தால் இருவருக்கும் மாற்றாள் இறக்கி ஐந்துக்கு ஐந்தாகவே ஆடலாம் என்று மாற்றினார்கள், 1992இல் பழையபடி நாலுக்கு நாலு வந்தது. ஆனால் 2015 முதல் மிகைநேரத்தில் ஆடும் மூன்றுக்கு மூன்றைச் சம ஆள்குறை என்று எழுதிவிடாதீர்கள், அங்கே யாரும் தண்டம் வாங்கி வெளியே போகவில்லை, ஆடும் முறையே அது. அதற்கு ‘மும்மூவர் ஆட்டம்’ என்று தனியாக வைத்திருக்கிறேன்.

2005தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2004-05 பருவம் முழுவதும் சம்பளத் தகராறில் ஒரு ஆட்டம்கூட நடக்காமல் போயிற்று. திரும்பி வந்தபோது ஏகப்பட்ட மாற்றங்கள், நடுக்கோட்டைத் தாண்டி நீளமாகக் கொடுப்பதற்கு இருந்த தடை போயிற்று, கோல்காப்பாளரின் கால்காப்பு அகலம் 12 அங்குலத்திலிருந்து 11 ஆயிற்று, தன் பகுதியிலிருந்து சில்லைக் களத்தைச் சுற்றியுள்ள கண்ணாடிக்கு மேல் அடித்து வெளியே அனுப்பினால் வேண்டுமென்றே செய்ததா இல்லையா என்று பார்க்காமல் 2 நிமிடம். இவை எல்லாவற்றையும்விட, தடியைக் கொக்கியாக மாட்டி இழுப்பதும் கையால் பிடித்து நிறுத்துவதும் புத்தகத்தில் முன்பே தப்புதான், நடுவர்கள் ஊதாமல் விட்டுக்கொண்டிருந்தார்கள், அந்த வருஷம் ஊத ஆரம்பித்தார்கள். ஆள்குறைகள் குவிந்தன. ஏறக்குறைய ஐந்து ஆள்குறைக்கு ஒரு கோல் விழும் ஆட்டம் இது. இரு அணியும் சேர்ந்து 5 கோலுக்குச் சற்று மேல் இருந்த சராசரி 6ஐத் தாண்டியது. அப்புறம் வீரர்கள் பிடிக்காமல் இழுக்காமல் ஆடப் பழகினார்கள், அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆள்குறைகள் குறைந்தன, கோலும் இறங்கியது. 2021-22 முதல் மறுபடி 6க்கு மேல் இருக்கிறது, ஆனால் ஆள்குறைகள் 2005 அளவுக்குத் திரும்பி வரவில்லை. அப்படியானால் இந்த இரண்டு ஏற்றமும் ஒரே காரணத்தால் அல்ல. இதைக் காட்டத்தான் என் அட்டவணையில் சம ஆள், ஆள்குறைத் தாக்கு, ஆள்குறைக் காப்பு என்று மூன்று பத்தி போட்டிருக்கிறேன், பெயர் இல்லாமல் பத்தித் தலைப்பு எழுத முடியாது.

கடைசியாகப் புணர்ச்சி. ‘ஆட்குறை என்றுதானே வர வேண்டும்?’ என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். வேற்றுமைத் தொடராகக் கொண்டால் ஆம். நான் இதை ‘ஆள் குறைகிறது’ என்ற எழுவாய்த் தொடரின் வழியில் பார்க்கிறேன், அல்வழியில் ளகரம் திரியாமல் நிற்பதற்கும் நன்னூல் இடம் கொடுக்கிறது. அதைவிட முக்கியமாக, ஆட்குறைப்பு என்றால் எங்கள் சேலத்து நூல் மில் குடும்பங்களுக்கு அது நோட்டீஸ் பலகையில் ஒட்டிய காகிதம், வீட்டில் அடுப்பு எரியாத மாதம். அந்தச் சொல்லின் நிழல்கூட ஒரு விளையாட்டுக் கட்டுரையில் விழுவதை நான் விரும்பவில்லை. ளகரத்தை அப்படியே விட்டுவிடுவோம். கோவில்பட்டி ஐயா இலக்கணத்தில் என்னைவிடத் தேர்ந்தவர், இதில் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

ஐசிங்தான் இன்னும் மாட்டிக்கொண்டு நிற்கிறது. தன் பாதியிலிருந்து சில்லை எதிரணியின் கோல்கோட்டுக்கும் அப்பால் சும்மா விரட்டிவிடுவது. ஐசிங் என்றால் நம் ஊரில் கேக் மேல் பூசுவது, அது உதவாது. ‘விரட்டடி’ என்று எழுதிப் பார்த்தேன், திருப்தி இல்லை. 2005இலிருந்து இதைச் செய்த அணி அந்த இடைவெளியில் ஆள் மாற்றவும் கூடாது, களைத்த கால்களோடு அப்படியே நிற்க வேண்டும். ஆள்குறைக் காப்பில் இருக்கும் அணிக்கு மட்டும் இது தப்பே இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் விரட்டலாம். டொராண்டோ அக்கா, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் விளையாடிவிட்டு வந்து தமிழில் கதை சொல்லும்போது இதற்கு என்ன சொல் வருகிறது என்று கேட்டு எழுதுகிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை பட்டியலைப் புதுப்பிக்கிறேன். அதற்குள் மறுப்பு வராவிட்டால் ஆள்குறையையும் அதன் கிளைகளையும் ஏற்றிவிடுகிறேன், ஐசிங் கட்டத்தைக் காலியாக விடுகிறேன்.

அன்புடன்,
ஏற்காட்டிலிருந்து, உங்கள் கணக்கு வாத்தியார்