குடும்பம் நடத்தும் டெக்ஸ்-மெக்ஸ் கடைகளில் சாப்பிட்ட அனுபவம்

ஹூஸ்டன்வாசி எழுதியது:

டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டனுக்குக் குடிவந்த முதல் ஆண்டில், அலுவலகத்துக்கு அருகில் இருந்த சிறிய டெக்ஸ்-மெக்ஸ் (டெக்சஸில் வளர்ந்த மெக்சிகோ வழிச் சமையல்) உணவகம் ஒன்றில் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளைகள் ஏதும் இல்லாத கடை அது. மாமியார் அடுப்படியிலும் மருமகள் கல்லாவிலும் இருப்பார்கள். உட்கார்ந்தவுடன், கேட்காமலேயே, இளஞ்சூடான மக்காச்சோளச் சிப்ஸ் கூடையும், தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணம் சல்சா என்ற தக்காளி-மிளகாய்ச் சட்னியும் வந்தன. பசியில் அந்தக் கூடையை இருமுறை காலி செய்துவிட்டு, சீஸ் என்சிலாடா கேட்டேன். தட்டில் வந்ததோ சுருட்டிய டோர்ட்டியாக்களின் (மெல்லிய ரொட்டிகளின்) மேல் பழுப்பு நிறக் குழம்பு, உருகி வழியும் மஞ்சள் சீஸ், பொடியாக நறுக்கிய, வதக்காத வெங்காயம். அதற்கு முந்தைய ஆண்டு வேலை நிமித்தமாக மெக்சிகோ நகரத்தில் பத்து நாள் தங்கியிருந்த அறிவாளி நான் என்பதால், "இது உண்மையான மெக்சிகோ சாப்பாடு இல்லையே" என்று மருமகளிடம் சொல்லிவிட்டேன்.

சற்று நேரத்தில் மாமியாரே கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். கோபம் இல்லை. "மிஹோ, என் பாட்டியின் பாட்டியும் டெக்சஸில் பிறந்தவர்தான். மெக்சிகோ நகரத்துச் சாப்பாடு வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். இது எங்கள் வீட்டுச் சாப்பாடு" என்றார். மிஹோ என்றால் மகனே என்று பொருள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்தபோது இன்னும் கூச்சமாக இருந்தது.

அவர் சொன்னதில் பிழையில்லை. 1836 வரை டெக்சஸ் மெக்சிகோவின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஆட்சி மாறிய பின்னும் அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள், சுற்றிலும் மலிவாகக் கிடைத்த மாட்டிறைச்சி, கோதுமை மாவு, மஞ்சள் சீஸ் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு தங்கள் சமையலைத் தொடர்ந்ததால் உருவானதுதான் இந்த உணவு. நான் குறை சொன்ன அந்தக் குழம்பை அவர்கள் சில்லி கிரேவி என்கிறார்கள். கொழுப்பில் மாவைச் சிவக்க வறுத்து, காய்ந்த மிளகாய்ப் பொடியும் பூண்டும் தாராளமாகச் சீரகமும் சேர்த்துக் கொதிக்கவிடுவது. சீரக வாசனை இவ்வளவு தூக்கலாக இருப்பது டெக்ஸ்-மெக்ஸுக்கே உரிய அடையாளம். மெக்சிகோ நகரத்தில் நான் சாப்பிட்ட எதிலும் அது இப்படி முன்னால் வந்து நிற்கவில்லை. கடைகளில் விற்கும் சில்லிப் பொடியை 1890களில் பெருமளவில் விற்கத் தொடங்கியவர்களில் ஒருவர், டெக்சஸின் நியூ பிரௌன்ஃபெல்ஸில் வாழ்ந்த வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியக் குடியேறி என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எது அசல், எது கலப்பு என்ற கேள்வியையே நான் கைவிட்டுவிட்டேன்.

அன்று என்சிலாடாவை மிச்சமின்றிச் சாப்பிட்டேன். பரிமாறுபவர்களுக்கு இந்த மாநிலத்தில் முதலாளி சட்டப்படி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான், மீதி சாப்பிடுபவர்கள் வைக்கும் அன்பளிப்பிலிருந்து (டிப்ஸ்) வர வேண்டும். எனவே வழக்கமான 20 விழுக்காட்டுக்கு மேலேயே வைத்தேன். அதில் பாதி அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சைவக்காரி எழுதியது:

நான் டாலஸ் பக்கம் வசிக்கிறேன். சைவ உணவு உண்பவர்கள் இத்தகைய கடைகளில் கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். "பீன்ஸில் இறைச்சி இருக்கிறதா?" என்று இரண்டு ஆண்டுகளாகக் கேட்டு, "இல்லை" என்ற நேர்மையான பதிலையும் பெற்று, நிம்மதியாகச் சாப்பிட்டு வந்தேன். காய்ந்த பீன்ஸ் விதைகளை வேகவைத்து, மசித்து வறுத்த அந்தப் பதார்த்தத்தின் சுவைக்குக் காரணம் பன்றிக் கொழுப்பு என்பது ஒரு தோழி சொல்லித்தான் தெரிந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. கொழுப்பை யாரும் இறைச்சி என்று எண்ணுவதில்லை. இப்போது "மன்தேகா போடுகிறீர்களா?" என்று ஸ்பானிய மொழிச் சொல்லாலேயே கேட்கிறேன். சிவப்புச் சோறு பெரும்பாலும் கோழிச் சாற்றில் வேகிறது. கோதுமை டோர்ட்டியாவிலும் கொழுப்பு இருக்கலாம். சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோள மாவு டோர்ட்டியாதான் எனக்கு நம்பிக்கையானது.

தனிக் கடைகளை நான் விரும்புவதற்குக் காரணமும் இதுவே. சமைப்பவர் பத்தடி தூரத்தில் இருக்கிறார்; கேட்டால் சட்டியைத் திறந்தே காட்டுகிறார். ஒரு கடையில் எனக்காகச் சுரைக்காய் போன்ற ஒரு காயைச் சோள முத்துகளோடு வதக்கி, டோர்ட்டியாவில் மடித்து டாக்கோ செய்து தந்தார்கள். விலைப்பட்டியலில் அது இல்லவே இல்லை.

சான் அன்டோனியோக்காரர் எழுதியது:

ஹூஸ்டனில் இருந்துகொண்டு ஃபஹீட்டாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதது வியப்பாக இருக்கிறது. மாட்டின் உதரவிதானப் பகுதியிலிருந்து எடுக்கும் பட்டை போன்ற இறைச்சி அது. ஸ்பானிய மொழியில் ஃபாஹா என்றால் இடைக்கச்சை; பெயர் அதிலிருந்து வந்தது. டெக்சஸின் தென்கோடியில் உள்ள ரியோ கிராண்டே பள்ளத்தாக்கின் பண்ணைகளில் மாடு மேய்ப்பவர்களுக்குக் கிடைத்த மலிவான துண்டு, 1973இல் நின்ஃபா லொரென்சோ ஹூஸ்டனில் தம் டோர்ட்டியா ஆலையின் முன்பகுதியில் தொடங்கிய சிறு உணவகத்தின் வழியாகத்தான் ஊர் முழுவதும் பேசப்பட்டது.

என் அனுபவம் சிறியது. சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் ஓர் இடத்தில், இரண்டாவது சிப்ஸ் கூடைக்குப் பணம் கேட்டார்கள். மறுநாள் நகரின் மேற்குப் பகுதியில், எட்டு மேசைகள் மட்டுமே உள்ள கடைக்குப் போனேன். எண்ணெயில் உப்பிப் பூரிபோல் எழும்பும் பஃபி டாக்கோ அங்கே கிடைக்கும். நான் கேட்காமலேயே மூன்றாவது கூடை வந்தது.

ஹூஸ்டன்வாசி எழுதியது:

சைவக்காரிக்காகச் சென்ற வாரம் விசாரித்தேன்: நான் முதலில் சொன்ன கடையின் சில்லி கிரேவியில் மாட்டெலும்புச் சாறு சேர்க்கிறார்கள், ஆகவே தவிர்த்துவிடுங்கள். மாமியாருக்கு மணிக்கட்டு வலி என்பதால் டோர்ட்டியாவை இப்போது மருமகள்தான் தட்டுகிறார். தடிமன் சற்றுக் கூடுதல். மாமியார் கல்லாவில் அமர்ந்து, அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததில், எனக்குத் தர வேண்டிய மீதிச் சில்லறையை இரண்டு முறை தவறாக எண்ணிவிட்டார்.