வசந்தகாலப் பனியில் குழந்தைகளுடன் பனிச்சறுக்கு: மார்ச் இறுதியா, ஏப்ரல் நடுவிலா?

தண்டையார்பேட்டைவாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். 2027ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் ஆல்ப்ஸ் மலைப்பகுதிக்குக் குடும்பத்துடன் சென்று, பிள்ளைகளுக்கு முறையாகப் பனிச்சறுக்கு கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நானும் என் மனைவியும் நெடுநாளாக எண்ணி வருகிறோம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7 வயது, உடன் வரும் என் தாயாருக்கு 66 வயது. எங்களில் ஒருவரும் இதுவரை ஸ்கீயைக் காலில் மாட்டியதில்லை. பிள்ளைகள் சிபிஎஸ்இ பள்ளியில் படிப்பதால், ஆண்டுத் தேர்வு முடிந்து அடுத்த வகுப்பு தொடங்கும் வரையிலான மார்ச் கடைசி நாட்கள் எங்களுக்கு வசதியானவை. ஏப்ரல் என்றால் தமிழ்ப் புத்தாண்டு விடுமுறையை ஒட்டிப் பள்ளியில் சில நாட்கள் விடுப்பு கேட்க வேண்டும்.

நாங்கள் விசாரித்த பயண முகவர் ஒருவர், ஏப்ரலில் பனியே இருக்காது என்று உறுதியாகச் சொல்கிறார். இணையத்தில் பார்த்தாலோ, பல ஊர்களில் ஏப்ரல் மாதத்திலும் மலையுச்சியில் மீட்டர் கணக்கில் பனி இருப்பதாகக் காட்டுகிறது. எதை நம்பி முடிவெடுப்பது? நெரிசலும் இரவுக் கேளிக்கைகளும் மிகுந்த பெரிய ஊர்கள் எங்களுக்கு வேண்டாம். அமைதியான ஊராக, முதன்முதலாகக் கற்பவர்களுக்கு ஏற்ற சரிவுகள் உள்ளதாக, சறுக்காத பெரியவர்களுக்கும் பொழுது போகக்கூடியதாக இருந்தால் போதும். சென்று வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பெரம்பூர் பொறியாளர் பதிலளிக்கிறார்:

வணக்கம் ஐயா. பணி நிமித்தமாகச் சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்தில் குடும்பத்துடன் வாழ்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பனியின் ஆழத்தைக் காட்டும் எண் குளிர்காலத்தில் பயன்படும் அளவுக்கு வசந்தத்தில் பயன்படாது. மூன்று மீட்டர் பனி கிடந்தாலும், அதன் மேற்பரப்பிலுள்ள சில சென்டிமீட்டர் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் உங்கள் மகன் அன்றைக்கு மகிழ்ச்சியாகச் சறுக்குவானா, அழுதுகொண்டு திரும்புவானா என்பதை முடிவு செய்யும். ஆகவே மார்ச், ஏப்ரல் மாதங்களில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: நேற்றிரவு பனி உறைந்ததா, சரிவு எந்தத் திசையை நோக்கியிருக்கிறது, ஊர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது.

முதல் கேள்வியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் மற்ற எல்லாமே அதைச் சார்ந்தவை. பகல் வெயிலில் பனியின் மேற்பரப்பு உருகி, அந்த நீர் துகள்களுக்கிடையே இறங்குகிறது. வானம் தெளிவாக உள்ள இரவில் பனி தன் வெப்பத்தை விண்வெளிக்குக் கதிர்வீசி இழப்பதால், காற்றின் வெப்பநிலை சுழியத்துக்குச் சற்று மேலே இருந்தாலும்கூட மேற்பரப்பு மீண்டும் உறைந்துவிடும். காசிமேட்டில் மீன் பெட்டிகளில் கொட்டும் நொறுக்கிய ஐஸ், சற்று உருகிய பின் மறுபடியும் குளிர் அறையில் வைக்கப்பட்டால், மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாக இறுகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். பல நாட்கள் இவ்வாறு உருகி உறைந்த வசந்தகாலப் பனியும் அப்படித்தான் உருண்டை மணிகளாக மாறி, விடியற்காலையில் பாறைபோல் இருக்கும். வெயில் ஏறியதும் மேலே ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் இளகும். ஃபிர்ன் என்று அங்குள்ளவர்கள் சொல்லும் அந்த நிலை, கற்பவர்களுக்கு மிகவும் இதமானது: ஸ்கீயின் விளிம்பு எளிதாகப் பிடிக்கும், விழுந்தாலும் அதிகம் வலிக்காது. ஆனால் அது நாளொன்றுக்குச் சில மணி நேரமே நீடிக்கும். அதன் பிறகு பனி முழுவதும் நீர் கோத்துக் கனத்துவிடும். இரவில் மேகம் மூடியிருந்தால், இழக்க வேண்டிய வெப்பத்தை மேகம் திருப்பி அனுப்பிவிடுவதால் பனி உறையாது. மறுநாள் காலையிலிருந்தே ஈரப்பனிதான்.

இரண்டாவது, திசை. கிழக்கு நோக்கிய சரிவு காலையில் முதலில் இளகும், அடுத்துத் தெற்கு, பிற்பகலில் மேற்கு. வடக்கு நோக்கிய சரிவுகளில், உயரம் போதுமானதாக இருந்தால், ஏப்ரலிலும் குளிர்காலப் பனியே கிடைக்கும். அனுபவமுள்ளவர்கள் சூரியனைப் பின்தொடர்ந்து சரிவு மாறிச் சறுக்குவார்கள். உங்கள் பிள்ளைகள் ஒரே பயிற்சிச் சரிவில்தான் இருப்பார்கள் என்பதால், அந்தச் சரிவு எப்போது இளகுகிறது என்பதை அறிந்து வகுப்பு நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு செய்தி: ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அதற்குப் பிறகு பனி இளகும் வேளையும் கடிகாரப்படி ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்.

மூன்றாவதான உயரத்தில்தான் உங்கள் முகவரின் கூற்றும் இணையச் செய்தியும் ஒருசேர உண்மையாகின்றன. ஒவ்வொரு 100 மீட்டருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 0.65 பாகை குறையும். ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூயல் ஏறத்தாழ 760 மீட்டரிலும், சுவிட்சர்லாந்தின் க்ஷ்டாட் ஏறத்தாழ 1,050 மீட்டரிலும் உள்ள ஊர்கள். இவை அழகிய ஊர்களே என்றாலும், ஏப்ரலில் ஊரைச் சுற்றிப் புல்தான் தெரியும். கற்பவர்களுக்கான சரிவு பெரும்பாலும் ஊரை ஒட்டியே இருப்பதால், உங்களைப் போன்ற குடும்பத்துக்கு மலையுச்சியின் உயரத்தைவிட ஊரின் உயரமே முக்கியம். 1,800 மீட்டருக்குக் குறைந்த ஊரை ஏப்ரலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த அளவுகோலில் என் முதல் தேர்வு சுவிட்சர்லாந்தின் சாஸ்-ஃபே. 1,800 மீட்டரில் உள்ள, வெளியார் வண்டிகளை உள்ளே விடாத சிற்றூர்; சறுக்குப் பரப்பு ஏறத்தாழ 3,600 மீட்டர் வரை செல்கிறது. பெரும்பாலான சரிவுகள் வடக்கு நோக்கியவை என்பதால் சனவரியில் அங்கே நிழலும் குளிரும் சற்று வாட்டும். ஏப்ரலில் அதே நிழல்தான் பனியைக் காப்பாற்றுகிறது. பயிற்சிச் சரிவுகள் ஊரின் விளிம்பிலேயே அகலமாக உள்ளன. சூரிச்சிலிருந்து ரயிலில் விஸ்ப், அங்கிருந்து பேருந்து.

அடுத்தது ஆஸ்திரியாவின் ஓபர்குர்கல், 1,930 மீட்டர். ஓட்ஸ் பள்ளத்தாக்கின் கடைசியில் சாலை முடிகிற இடத்தில் இருப்பதால் இயல்பாகவே அமைதியானது; பருவமும் பெரும்பாலும் ஏப்ரல் பிற்பகுதி வரை நீளும். (1931 மே மாதம் பலூனில் அடுக்குமண்டலம் வரை சென்ற ஒகுஸ்த் பிக்கார் இந்த ஊருக்கு மேலுள்ள பனியாற்றில்தான் வந்திறங்கினார். உங்கள் மகள் அறிவியலில் ஆர்வமுள்ளவள் என்றால், புறப்படும் முன் இந்தக் கதையைச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.)

சுவிட்சர்லாந்தின் பெட்மெரால்ப் என்ற ஊரைப் பலரும் சொல்வார்கள். கார் செல்லாத, கேபிள் காரில் மட்டுமே ஏறிச் செல்லக்கூடிய மிக இனிய இடம். அங்கிருந்து மேலே சென்றால், ஆல்ப்ஸிலேயே மிக நீளமான அலெட்ச் பனியாற்றை உங்கள் தாயாரும் காணலாம். ஆனால் அதன் சரிவுகள் பெரும்பாலும் தெற்கு நோக்கியவை. மார்ச்சுக்கு அருமை, ஏப்ரல் நடுவில் காலை மட்டுமே பயன்படும்.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. 2027இல் ஈஸ்டர் மார்ச் 28ஆம் தேதியே வந்துவிடுகிறது. கடிகாரம் மாறுவதும் அதே ஞாயிறுதான். அந்த ஞாயிறை ஒட்டிய நாட்களிலும் அதற்கு அடுத்த வாரத்திலும் ஐரோப்பியக் குடும்பங்கள் திரண்டு வருவார்கள், கட்டணமும் உயரும். மார்ச் என்றால், தேர்வு முடிந்த கையோடு ஈஸ்டருக்கு முந்தைய வாரத்திலேயே சென்று திரும்புவது நல்லது. அது இயலாவிட்டால் ஏப்ரல் நடுவில் சாஸ்-ஃபே அல்லது ஓபர்குர்கல். ஈஸ்டர் முன்னதாக வரும் ஆண்டுகளில் தாழ்ந்த ஊர்கள், சறுக்குவோரை மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுகளைச் சீக்கிரமே நிறுத்திவிடும். எந்த ஊரானாலும் பணம் கட்டும் முன் கடைசி நாளை உறுதி செய்துகொள்ளுங்கள்.

வண்ணாரப்பேட்டை அம்மா பதிலளிக்கிறார்:

அண்ணா, பொறியாளர் ஐயா பனியைப் பற்றி முழுமையாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகளுடன் சென்று வந்தவள் என்பதால் வீட்டுப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு நீங்களே கற்றுத்தர முயல வேண்டாம். ஊர்தோறும் பனிச்சறுக்குப் பள்ளிகள் உள்ளன, ஆங்கிலம் பேசும் பயிற்றுநர்களும் கிடைப்பார்கள். காலை வகுப்பில் மட்டும் சேர்த்துவிடுங்கள். பிற்பகலில் பனி கனத்துவிட்ட பிறகு 7 வயதுப் பிள்ளையின் கால்களுக்கு அதில் திரும்பவே வலு இருக்காது. அந்த நேரத்தைச் சறுக்குவண்டிக்கும் பனிப்பொம்மைக்கும் விட்டுவிட்டால் பிள்ளைகள் மறுநாளும் ஆவலுடன் கிளம்புவார்கள். தொடக்கச் சரிவில் தரையோடு நகரும் பட்டை ஒன்று உண்டு, அதன்மேல் நின்றால் மேலே கொண்டுபோய் விடும். லிஃப்ட் இருக்கையில் ஏறுவதற்கு முன் இரண்டு மூன்று நாட்கள் அதிலேயே இருக்கட்டும்.

ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட் அனைத்தும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். கையுறை மட்டும் ஆளுக்கு இரண்டு இணை எடுத்துச் செல்லுங்கள். குளிர்காலத்தைப் போலன்றி வசந்தத்தில் பனி ஈரமாக இருப்பதால், ஒரே காலையில் கையுறை நனைந்துவிடும். நனைந்த கையுறையோடு பிள்ளைகள் ஒரு நிமிடமும் நிற்க மாட்டார்கள். உடையும் தடித்த ஒன்றாக இல்லாமல் அடுக்கடுக்காக இருக்க வேண்டும். காலையில் சுழியத்துக்குக் கீழே தொடங்கி நண்பகலில் ஸ்வெட்டரைக் கழற்றும் வெயில் அடிக்கும்.

உங்கள் அம்மாவை நினைத்தால், நான் சுவிட்சர்லாந்தின் அரோசாவையும் பட்டியலில் சேர்ப்பேன். கூர் நகரிலிருந்து சுமார் ஒரு மணி நேரம் மலை ரயிலில் ஏறி ஊருக்குள்ளேயே இறங்கலாம், மூட்டை முடிச்சுகளோடு பேருந்து மாற வேண்டியதில்லை. நடப்பதற்கென்றே பனியைச் சமன்படுத்திய பாதைகள் நிறைய உள்ளன, இடையிடையே உட்கார இருக்கைகளும் உண்டு. வெயில் மிகுந்த சரிவுகள் என்பதால், ஐயா சொன்னபடி, இதையும் மார்ச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தங்குவதற்குச் சமையலறை உள்ள வீடாகப் பாருங்கள். மிக்ரோஸ், கூப் கடைகளில் அரிசி, தயிர், காய்கறி எல்லாம் கிடைக்கும். ரசப்பொடியும் ஊறுகாயும் நம் வீட்டிலிருந்து போனால் பெரியவர்களுக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை.

திருவொற்றியூர் மருத்துவர் பதிலளிக்கிறார்:

இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். கனத்த ஈரப்பனியில் ஸ்கீ சிக்கி நின்றுவிட, உடல் மட்டும் சுழலும்போது முழங்கால் தசைநார் கிழியும் அபாயம் உண்டு. களைத்த கால்களுக்கு இது மேலும் பொருந்தும். எனவே பெரியவர்கள் இருவரும் இப்போதிருந்தே தொடைத் தசைகளுக்கான பயிற்சியைத் தொடங்குங்கள், பிற்பகலில் "இன்னும் ஒரே ஒரு சுற்று" என்று பிள்ளைகள் கேட்டாலும் நிறுத்திவிடுங்கள். வாடகைக் கடையில் உங்கள் எடை, உயரம், வயது, திறன் ஆகியவற்றை உள்ளபடியே சொல்லுங்கள். விழும்போது பூட்ஸை விடுவிக்கும் பிணைப்பை அவற்றைக் கொண்டுதான் சரிசெய்கிறார்கள்.

மற்றது வெயில். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது; புதிய பனி அதில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்புவதால் கன்னத்தின் அடிப்பகுதி, மூக்குத்துளையின் ஓரம்கூடக் கருகும். சென்னை வெயிலுக்குப் பழகியவர்கள் என்பதால் நமக்கு ஒன்றும் ஆகாது என்று எண்ண வேண்டாம். வெயிலைத் தடுக்கும் கண்ணாடி இல்லாமல் சில மணி நேரம் இருந்தாலே விழிவெண்படலம் புண்பட்டு அன்றிரவு கண் திறக்க முடியாமல் போகலாம். உங்கள் தாயாருக்கு இதயம் அல்லது நுரையீரல் நோய் இருந்தால், 3,000 மீட்டருக்கு மேல் கேபிள் காரில் செல்லும் முன் அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்டையார்பேட்டைவாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பள்ளித் தேர்வு அட்டவணை வந்ததும், ஈஸ்டருக்கு முந்தைய வாரம் சாஸ்-ஃபே என்று முடிவெடுக்கவே மனம் விரும்புகிறது. பொறியாளர் ஐயாவிடம் இன்னும் இரண்டு ஐயங்கள்: தொடர்ந்து மேகமூட்டமாக இருந்து பனி உறையாமல் போனால் அன்றைக்கு என்ன செய்வது? வசந்தத்தில் பனிச்சரிவு, அதாவது மலையிலிருந்து பனி திரளாகச் சரிந்து விழும் அபாயம், அதிகம் என்று படித்தேன், குழந்தைகளுடன் செல்வோர் அஞ்ச வேண்டுமா?

பெரம்பூர் பொறியாளர்:

உறையாத நாளில் கற்பவர்களுக்கு உயரே உள்ள, நீல நிறத்தால் குறிக்கப்பட்ட எளிய தடங்களே துணை. பயிற்றுநரே அழைத்துச் செல்வார். மேகத்துடன் புதுப்பனி பெய்வதும் மார்ச்சிலும் ஏப்ரலிலும் வழக்கமானதே, அப்படியானால் அது உங்களுக்குக் கிடைத்த பரிசு.

பனிச்சரிவு அபாயம் மெய்தான்: பிற்பகலில் நீர் இறங்கிய பனி தன் எடையாலேயே வழுக்கி வரும். ஆனால் அந்த எச்சரிக்கை முதன்மையாகத் தடத்தைவிட்டு வெளியே செல்வோருக்கானது. குறியிட்ட, திறந்திருக்கும் தடங்களை ஊழியர்கள் கண்காணித்து, ஐயம் எழுந்தால் மூடிவிடுவார்கள். மூடிய தடத்தின் குறுக்கே கட்டிய கயிற்றை ஒருபோதும் தாண்டக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். சுவிட்சர்லாந்தின் டாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அறிக்கை வெளியிடுகிறது. 1 முதல் 5 வரையிலான அபாய அளவு அதில் பகுதிவாரியாக இருக்கும், ஆங்கிலத்திலும் படிக்கலாம்.

சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், மார்ச் பயணத்துக்குச் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுங்கள். அதற்குக் கட்டாயமான 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டை எடுக்கும்போது, பனிச்சறுக்கு விபத்தும் மலையிலிருந்து மீட்கும் செலவும் அதில் அடங்குகின்றனவா என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். பல சாதாரணப் பயணக் காப்பீடுகள் இவற்றை விலக்கி வைக்கின்றன. அடங்கவில்லை என்றால் கூடுதல் தொகை கட்டிச் சேர்த்துக்கொண்ட பிறகே விமானச் சீட்டை வாங்குங்கள்.