மாடியிலிருந்து தெரிந்த விளக்கு

அத்தை: 📷 திருவல்லிக்கேணி வீட்டு மாடியிலிருந்து இன்று மாலை எடுத்தேன். எதிரே எழும்பும் அடுக்ககம் கலங்கரை விளக்கத்தை முழுவதும் மறைத்துவிட்டது.

பெரியப்பா: மனசு கனக்கிறது. 1977இல் மெரினாவில் அது எரியத் தொடங்கியபோது நான் சிறுவன். மாடியில் பாய் விரித்து, ஒளி எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டே தூங்கிப்போவோம்.

நான்: அதற்கு முன்பு விளக்கு எங்கே இருந்தது, பெரியப்பா?

பெரியப்பா: உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில், 1894 முதல். அதற்கு முன் அதே வளாகத்தில் ஒரு கருங்கல் தூண், அதில் விளக்கு ஏற்றியது 1844இல். தூண் இன்னும் நிற்கிறது. வழக்குக்கு வருகிறவர்கள் ஏறிட்டுப் பார்ப்பதே இல்லை. முதல் விளக்கு 1796இல், புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மேல். கடலில் வருகிறவனுக்கு இந்த ஊர் முதலில் காட்டிய முகம் அந்த விளக்குதான்.

அத்தை: அப்பா சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்கிறேன்: "எங்கள் காலத்தில் உயரம் என்றால் கோவில் கோபுரம், சாந்தோம் தேவாலயம், நீதிமன்றம். 1959இல் மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் வந்தது, 177 அடி. ஊரிலிருந்து என் அப்பாவை அழைத்துவந்து காட்டினேன். அண்ணாந்து பார்த்தவரின் தோளிலிருந்து துண்டு நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை, மாடிகளை எண்ணிக்கொண்டே நின்றார்."

நான்: தாத்தா, இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா!

பெரியப்பா: சுண்ணாம்பும் செங்கலும் கொண்டு கட்டிய ஊர் கான்கிரீட்டுக்கு மாறியதற்கு அந்தக் கட்டடம்தான் அடையாளம். சுவரே சுமை தாங்கும்போது, உயரம் கூடினால் சுவரும் தடிக்க வேண்டும். தூணும் உத்திரமும் சுமையை வாங்கிக்கொண்ட பிறகு அந்தக் கட்டாயம் இல்லை.

அத்தை: அண்ணா, இன்னொன்று. நம் மாடித் தளம் ஒழுகுகிறது. இடித்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்கிறார் மேஸ்திரி.

பெரியப்பா: வேண்டவே வேண்டாம்! அது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல் செங்கலைக் குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து பூசி, மேலே செங்கல் ஜல்லி போட்டுக் கட்டையால் அடித்து இறுக்கியது. கூடத்தில் படுத்து மேலே பார், அந்தச் சாய்வு வரிசை தெரியும். ஒழுகும் இடத்தில் சுண்ணாம்பு வைத்தே பழுது பார்க்கலாம். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி மரத்தை அரிக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை நான் தேடுகிறேன். அதுவரை யாரும் கடப்பாரை வைக்கக் கூடாது.

அத்தை: சரி அண்ணா. மேஸ்திரியிடம் நாளையே சொல்லிவிடுகிறேன்.

நான்: ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கலங்கரை விளக்கத்தில் ஏறுவோமா? லிஃப்ட் இருக்கிறது, தாத்தாவும் வரலாம். அங்கிருந்து நம் மாடி தெரிகிறதா என்று பார்க்கலாம்.

அத்தை: அப்பா இப்போதே கண்ணாடியைத் துடைக்கிறார்.