நிலக்கரி வேலை போனால் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இழப்பீடு உண்டா?

தலவாக்கலையிலிருந்து எழுதுகிறேன். என் தம்பி 2016 முதல் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் நிலக்கரி இறக்கும் வேலை செய்கிறான். எங்கள் தோட்ட லயத்து வீடு அவன் அனுப்பும் பணத்தில்தான் ஓடுகிறது.

புதிய நிலக்கரி நிலையங்கள் கட்டுவதில்லை என்று இலங்கை 2021 இல் உறுதியளித்தது. 2030 இல் 70 சதவீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்க வழிகளில் வரவேண்டும் என்பது இலக்கு. நல்ல முடிவுதான். ஆனால் இந்த 900 மெகாவாட் நிலையத்தில் வேலை குறைந்தால், முதலில் அனுப்பப்படுவது தம்பியைப் போன்றவர்களே. ஒப்பந்தக்காரர் இப்போதே அப்படித்தான் பேசுகிறார்.

நியமனக் கடிதம் கேட்டோம், தரவில்லை. ஊழியர் சேமலாப நிதிக் கணக்கில் சில ஆண்டுகளின் பணமே இல்லை. தோட்டத் தொழிற்சங்கத்தார் வெளி வேலையில் தலையிட முடியாது என்றார்கள். பிரதேச செயலகத்தில் அஸ்வெசும விண்ணப்பத்தை நீட்டினார்கள். அது வறுமைக்கான உதவி, பறிபோகும் வேலைக்கு ஈடல்ல! ஜெர்மனியில் 58 வயதைக் கடந்த நிலக்கரித் தொழிலாளருக்கு, ஓய்வூதியம் வரும்வரை அதிகபட்சம் 5 ஆண்டுகள் அரசே உதவித்தொகை கொடுக்கிறது.

இங்கே கையில் இருப்பது 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க வேலைநீக்கச் சட்டம். அதன் கீழ் இழப்பீடு கோர, நியமனக் கடிதம் இல்லாத ஒருவரின் சேவைக்காலத்தை எந்த ஆவணங்களால் நிரூபிக்கலாம்?