சினைப்பைப் புற்றுநோய்: முழுவதும் எடுக்க முடியாதபோது அறுவை சிகிச்சை எதற்கு?

தெம்பனிஸ் மகள்:
வணக்கம். என் அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய் மூன்றாம் கட்டத்தில் இருப்பதாகக் கண்டறிந்துள்ளனர். கட்டிகள் வயிற்றுக்குள் பல இடங்களில் பரவியிருப்பதால், எடுக்க முடிந்தவரை எடுத்துவிட்டுப் பிறகு கீமோதெரபி கொடுக்கலாம் என்று மருத்துவர் கூறினார். கத்தி பட்டால் நோய் வேகமாகப் பரவும் என்று உறவினர்கள் சொல்வதால் அம்மா தயங்குகிறார். மிச்சம் இருக்கக்கூடும் என்று தெரிந்தே இவ்வளவு பெரிய அறுவை சிகிச்சை தேவைதானா?

ஓய்வுபெற்ற தாதி, பிடோக்:
சகோதரி, உங்கள் கேள்வி நியாயமானது. பெரும்பாலான புற்றுநோய்களில் கட்டியின் ஒரு பகுதியை மட்டும் எடுப்பதால் பெரிய பயன் இல்லை. சினைப்பைப் புற்றுநோய் அதற்கு விலக்கு. பெரிய கட்டிகளின் நடுப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் மருந்தும் அங்கே சரியாகப் போய்ச் சேர்வதில்லை. அவற்றை அகற்றிவிட்டால், எஞ்சும் சிறு திட்டுகளின் மீது கார்போபிளாட்டின், பேக்லிடாக்சல் ஆகிய மருந்துகள் நன்றாக வேலை செய்யும். எஞ்சும் கட்டி சிறியதாக இருக்க இருக்க வாழ்நாள் கூடுகிறது என்பதை 1975இலேயே கிரிஃபித்ஸ் என்ற மருத்துவர் எழுதினார். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக எஞ்சினால் போதும் என்று நெடுங்காலம் கருதினர். இன்று கண்ணுக்குத் தெரியும் எதையும் விட்டுவைக்காமல் இருக்கவே முயல்கிறார்கள். ஆகவே இதை அரைகுறை வேலை என்று அம்மா எண்ண வேண்டாம். நோய் ஏற்கெனவே பரவிவிட்டதால்தான் இந்தச் சிகிச்சையே; கத்தி அதைப் பரப்பவில்லை என்று உறவினர்களிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.

ஈசூன் அன்பர்:
அறுவை சிகிச்சைதான் முதலில் வர வேண்டும் என்பதும் இல்லை. கட்டிகள் எட்டாத இடத்தில் இருந்தாலோ, நோயாளி தளர்ந்திருந்தாலோ, பெரும்பாலும் மூன்று சுற்றுக் கீமோதெரபியால் கட்டிகளைச் சுருக்கிவிட்டு, அறுவை சிகிச்சைக்குப் பின் மீதிச் சுற்றுகளைத் தொடர்வார்கள். என் மனைவிக்கு அப்படித்தான் செய்தார்கள். 2010இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்விலும் 2015இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்விலும் இவ்வழியில் சென்றவர்களின் வாழ்நாள் குறையவில்லை. உங்கள் அம்மாவுக்கு எந்த வரிசை, ஏன் என்று கேளுங்கள். குடலின் ஒரு பகுதியையும் வெட்ட நேருமா, அப்படியானால் மலம் வெளியேற வயிற்றில் பை பொருத்த வேண்டியிருக்குமா என்பதையும் முன்கூட்டியே கேட்பது நல்லது. கண்விழித்த பிறகு அதை அறிவது நோயாளிக்குப் பெரும் அதிர்ச்சி.

உட்லண்ட்ஸ் வாசகி:
செலவு பற்றிய கவலை இருந்தால், சிங்கப்பூரின் அடிப்படை மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப், மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கான மெடிசேவ் இரண்டும் எவ்வளவு ஈடுகட்டும் என்பதை மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியரிடம் அறுவை சிகிச்சைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

தெம்பனிஸ் மகள்:
மூவருக்கும் மிக்க நன்றி. குடல் பற்றி எங்களிடம் யாரும் பேசவில்லை. அடுத்த சந்திப்புக்கு அம்மாவையும் தயங்கும் மாமாவையும் சேர்த்தே அழைத்துச் சென்று, இவற்றை மருத்துவரிடம் நேரில் கேட்கிறேன்.